சத்தம் வரலன்னா உடனே டிரைவரை மாத்தாதீங்க

(லினக்ஸ் கம்ப்யூட்டரில் வரும் சவுண்ட் பிரச்சினைகள் பற்றிப் பேசிய எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம். கமாண்டுகளைப் பேசியபடியே எழுத்து எழுத்தாகக் கொடுத்திருக்கிறோம். டெர்மினலில் அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்துகள். மைனஸ் என்று வரும் இடத்தில் சின்ன கோடு.)

தொகுப்பாளர்: லினக்ஸ் போட்டாச்சு, வைஃபை வருது, தமிழ்ல டைப் பண்ண முடியுது. ஆசையா ஒரு பாட்டைப் போட்டா சத்தமே இல்ல. இந்த இடத்துல மாட்டிக்கிட்டவங்க நிறைய பேர். இன்னைக்கு இதைப் பத்திப் பேச, நண்பர்களுக்கும் சொந்தக்காரங்களுக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுக்கிற ஒரு அண்ணா வந்திருக்காங்க. வணக்கம் அண்ணா.

விருந்தினர்: வணக்கம்மா. போட்டுக் கொடுக்கிறது மட்டும் இல்ல, போட்டுக் கொடுத்துத் திட்டு வாங்கின அனுபவமும் இருக்கு. அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க அக்கா சாயங்காலம் பத்தாவது பசங்களுக்கு ஆன்லைன்ல கணக்கு டியூஷன் எடுக்கிறாங்க. புது லேப்டாப் வாங்கினாங்க. ஒரு சனிக்கிழமை போய் அதுல லினக்ஸ் போட்டேன். எல்லாம் வந்துச்சு, சத்தம் மட்டும் வரல. செட்டிங்ஸ்ல போய்ப் பார்த்தா ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்துல 'டம்மி அவுட்புட்'னு இருந்துச்சு. இணையத்துல தேடினேன். ஒரே ஒரு வரி, அதை ஒரு ஃபைல்ல போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு இருந்துச்சு. போட்டேன். பாட்டு கணீர்னு வந்துச்சு. அக்கா காபி கொடுத்தாங்க, குடிச்சிட்டுக் கிளம்பிட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு போன். "டேய், பசங்க எல்லாரும் 'மிஸ், கேக்கல, மிஸ், கேக்கல'ன்னு சாட்ல போட்டுக்கிட்டே இருக்காங்கடா." பசங்க பேசுறது அக்காவுக்குக் கேக்குது, அக்கா பேசுறது அவங்களுக்குக் கேக்கல. மைக் போயிடுச்சு. அன்னைக்கு கிளாஸை போன்லதான் எடுத்தாங்க. அப்புறம் என்னைக் கேட்டாங்க: "நீ சரி பண்ணியா, இல்ல ஒன்னைக் கொடுத்து ஒன்னைப் பிடுங்கினியா?"

தொகுப்பாளர்: நீங்க போட்ட அந்த ஒரு வரிதான் மைக்கை எடுத்துடுச்சா?

விருந்தினர்: ஆமா. அக்கா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அந்த வரி டிரைவரை மாத்துற வரி. லேப்டாப்புக்கு சரியான டிரைவரைத்தான் லினக்ஸ் தேர்ந்தெடுத்திருந்துச்சு. அது வேலை செய்யாம நின்னதுக்குக் காரணம் வேற. காரணம் என்னன்னு பார்க்காம நான் டிரைவரை மாத்திட்டேன். அதனால இன்னைக்கு நான் சொல்ல வர்றது ஒன்னுதான்: சத்தம் எந்த இடத்துல நின்னுச்சுன்னு முதல்ல கண்டுபிடிங்க, டிரைவரை அப்புறம் தொடலாம்.

சத்தம் கடந்து வர்ற வழி

தொகுப்பாளர்: எந்த இடத்துலன்னு சொல்றீங்களே, எத்தனை இடம் இருக்கு?

விருந்தினர்: வீட்டுக்குத் தண்ணி வர்ற மாதிரி நினைச்சுக்கோங்க. கீழே மோட்டார், நடுவுல பைப், மேல குழாய். குழாயை மூடி வச்சுட்டு மோட்டாரை மாத்தினா தண்ணி வருமா?

இங்க மோட்டார் மாதிரி இருக்கிறது கெர்னல்ல இருக்கிற டிரைவர். அந்த அடுக்குக்குப் பேரு ஆல்சா. 1998-ல யாரோஸ்லாவ் கிசெலா ஆரம்பிச்ச திட்டம். அதுக்கு முன்னாடி ஓஎஸ்எஸ்னு ஒன்னு இருந்துச்சு. 2003 கடைசியில 2.6 கெர்னல் வந்தப்போ, அதோட இடத்தை ஆல்சா எடுத்துக்கிச்சு. சவுண்ட் சிப்போட நேரடியாப் பேசுறது இதுதான்.

நடுவுல பைப் மாதிரி ஒரு சர்வர். பிரவுசரும் பாட்டு ப்ளேயரும் ஒரே நேரத்துல சத்தம் கொடுத்தா ரெண்டையும் கலந்து அனுப்புறது, ஹெட்ஃபோனா ஸ்பீக்கரான்னு திருப்பி விடுறது இதோட வேலை. ரொம்ப வருஷம் பல்ஸ்ஆடியோ இருந்துச்சு. இப்போ பைப்வயர். ஃபெடோரா 2021-ல 34-வது பதிப்புல மாறிடுச்சு, உபுண்டு 22.10-ல மாறிச்சு.

மேல குழாய். அது நாம பார்க்கிற வால்யூம் பட்டன், மியூட், எந்த ஸ்பீக்கர்ங்கிற தேர்வு.

இணையத்துல கிடைக்கிற பழைய அறிவுரைகள்ல பாதி, எந்த அடுக்குக்குன்னு சொல்லாமலே இருக்கும். பத்து வருஷத்துக்கு முன்னாடி எழுதினதை இன்னைக்கு பைப்வயர் ஓடுற கம்ப்யூட்டர்ல போட்டா, இருக்கிறதும் கெட்டுப்போகும்.

முதல் கேள்வி: கார்டு தெரியுதா?

தொகுப்பாளர்: அப்போ முதல்ல என்ன செய்யணும்?

விருந்தினர்: டெர்மினலைத் திறங்க. ஏ-பி-எல்-ஏ-ஒய், ஒரு இடைவெளி, மைனஸ், எல். அடிச்சு என்டர் கொடுங்க. ஆல்சாவுக்குத் தெரிஞ்ச கார்டுகள் பட்டியலா வரும். இங்கேயே வழி ரெண்டாப் பிரியும்.

பட்டியல்ல உங்க கார்டு இருந்தா டிரைவர் ஏறி உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம். பிரச்சினை பெரும்பாலும் மேலதான். டிரைவர் பக்கம் போகாதீங்க.

'நோ சவுண்ட்கார்ட்ஸ் ஃபவுண்ட்'னு வந்தா கீழே போகணும்.

மூணாவதா ஒரு நிலைமையும் உண்டு. பட்டியல் வரும், ஆனா அதுல எச்டிஎம்ஐ மட்டும் இருக்கும். அது டிவிக்கோ மானிட்டருக்கோ போற சத்தம். லேப்டாப் ஸ்பீக்கருக்கு வழியே இல்லன்னு அர்த்தம். இதையும் கீழே போக வேண்டிய கேஸாத்தான் எடுத்துக்கணும்.

தொகுப்பாளர்: கார்டு இருக்கு, சத்தம் மட்டும் இல்லன்னா?

விருந்தினர்: மூணு விஷயம் பாருங்க. ஒன்னு, சத்தம் வேற எங்கேயாவது போகுதா? செட்டிங்ஸ்ல சவுண்ட் பகுதியில அவுட்புட் எதுன்னு பாருங்க. மானிட்டரைத் தேர்ந்தெடுத்திருந்தா ஸ்பீக்கர் எப்படிப் பேசும்? பைப்வயர் இருக்கிற கம்ப்யூட்டர்ல டபிள்யூ-பி-சி-டி-எல், இடைவெளி, ஸ்டேட்டஸ்னு அடிச்சா முழுப் பட்டியலும் வரும். எது முன்னாடி நட்சத்திரக் குறி இருக்கோ, சத்தம் அங்கதான் போகுது.

ரெண்டு, ஆல்சா மிக்ஸர். ஆல்சாமிக்ஸர்னு ஒரே வார்த்தையா அடிங்க. திறந்ததும் பெரும்பாலும் மாஸ்டர்னு ஒரே ஒரு கம்பிதான் தெரியும். அதைப் பார்த்துட்டு 'எல்லாம் சரியாத்தான் இருக்கு'ன்னு மூடிடாதீங்க. அது சர்வரோட கம்பி. எஃப்6 அமுக்கி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுங்க. இப்போ ஸ்பீக்கர், ஹெட்ஃபோன்னு தனித்தனியா வரும். கம்பிக்குக் கீழே எம்-எம்னு இருந்தா மியூட். அம்புக்குறியால அங்க போய் எம் அமுக்கினா ரெண்டு பூஜ்யமா மாறும், மியூட் எடுபட்டுடும். 'ஆட்டோ மியூட்'னு ஒன்னு இருந்தா அதையும் கவனிங்க. ஹெட்ஃபோன் குத்தியிருக்குன்னு தப்பா நினைச்சு ஸ்பீக்கரை அது அடைச்சு வச்சிருக்கலாம்.

மூணு, பாவுகன்ட்ரோல்னு ஒரு சின்ன மென்பொருள். பைப்வயரோடயும் வேலை செய்யும். அதுல கான்ஃபிகரேஷன் பக்கத்துல கார்டோட ப்ரொஃபைல் 'ஆஃப்'னு கிடந்தா, அனலாக் ஸ்டீரியோன்னு மாத்துங்க.

இந்த மூணுலயே நிறைய கேஸ் முடிஞ்சிடும். டிரைவரைத் தொடவே வேணாம்.

ரெண்டாவது கேள்வி: எந்த டிரைவர், ஏன் அது?

தொகுப்பாளர்: அக்கா லேப்டாப்ல டம்மி அவுட்புட்னு வந்துச்சே, அது என்ன கணக்கு?

விருந்தினர்: சர்வர் ஓடுது, ஆனா அதுக்குக் கீழே ஒரு கார்டும் கிடைக்கலன்னு அர்த்தம். பைப் இருக்கு, மோட்டார் இல்ல. இப்பதான் டிரைவரைப் பத்திக் கேக்கணும். அதுக்கு எல்-எஸ்-பி-சி-ஐ, இடைவெளி, மைனஸ், என்-என்-கே. கம்ப்யூட்டர்ல இருக்கிற சிப் எல்லாம் வரும். அதுல ஆடியோன்னு இருக்கிற பகுதியைப் பாருங்க. கீழே ரெண்டு வரி முக்கியம். 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்', இப்போ பிடிச்சிருக்கிற டிரைவர். 'கெர்னல் மாட்யூல்ஸ்', பிடிக்கக்கூடிய டிரைவர்கள்.

இன்டெல் லேப்டாப்ல அந்தக் கடைசி வரியில பெரும்பாலும் ஒன்னுக்கு மேல இருக்கும். ஒன்னு, எஸ்-என்-டி எச்-டி-ஏ இன்டெல். 2004-ல வந்த ஹை டெஃபினிஷன் ஆடியோங்கிற தரத்துக்கான டிரைவர். இன்னொன்னு எஸ்-ஓ-எஃப்னு ஆரம்பிக்கும். சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர், 2018-ல அறிவிச்ச திட்டம்.

தொகுப்பாளர்: ஒரே சிப்புக்கு எதுக்கு அண்ணா ரெண்டு டிரைவர்?

விருந்தினர்: இதுதான் விஷயத்தோட முடிச்சு. பழைய லேப்டாப்ல ஸ்பீக்கர், மைக் ரெண்டும் ஒரே சிப்பு வழியாப் போகும். அதுக்குப் பேரு கோடெக். எச்டிஏ டிரைவர் அந்தக் கோடெக்கோட பேசினாப் போதும், ரெண்டும் கிடைச்சிடும்.

புது லேப்டாப்ல நிறைய மாடல்கள்ல ஸ்கிரீனுக்கு மேல இருக்கிற மைக் டிஜிட்டல் மைக். அது கோடெக் பக்கமே போகாது. இன்டெல் சிப்புக்குள்ள ஒலிக்குன்னே தனியா ஒரு குட்டி ப்ராசசர் இருக்கு, டிஎஸ்பின்னு சொல்வாங்க. மைக் நேரா அதோட இணைஞ்சிருக்கும். எச்டிஏ டிரைவருக்கு கோடெக் தெரியும், டிஎஸ்பியை எழுப்பத் தெரியாது. அதனால அதைப் போட்டா ஸ்பீக்கர் வரும், மைக் வராது. எஸ்ஓஎஃப் டிரைவர் டிஎஸ்பியை எழுப்பி ரெண்டையும் கொடுக்கும்.

தொகுப்பாளர்: அப்போ நீங்க போட்ட வரி...

விருந்தினர்: அதேதான். 'எட்சி' கீழே 'மோட்ப்ரோப் டாட் டி'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. அதுல கான்ஃப்னு முடியுற ஒரு ஃபைல் வச்சு, எஸ்-என்-டி இன்டெல் டி-எஸ்-பி-சி-எஃப்-ஜிங்கிற மாட்யூலுக்கு, டிஎஸ்பி அண்டர்ஸ்கோர் டிரைவர் சமம் 1னு ஆப்ஷன் கொடுத்தேன். 1னா 'பழைய எச்டிஏவை மட்டும் பிடி'ன்னு கட்டளை. 3னா எஸ்ஓஎஃப். ஒன்னும் சொல்லலன்னா 0, அதாவது நீயே பார்த்து முடிவு பண்ணு. அந்த முடிவை நான் கெர்னல் கையில இருந்து பிடுங்கி, மைக்கே தெரியாத டிரைவர்கிட்ட கொடுத்துட்டேன்.

இதுல வேடிக்கை என்னன்னா, கெர்னல் தன் முடிவுக்குக் காரணத்தையும் எழுதி வச்சிருந்துச்சு. சூடோ, இடைவெளி, டி-எம்-இ-எஸ்-ஜின்னு அடிச்சு வர்றதுல எஸ்ஓஎஃப்ங்கிற எழுத்தைத் தேடிப் பாருங்க. ஸ்கைலேக் அல்லது அதுக்குப் பிந்தைய தளத்துல டிஜிட்டல் மைக் இருக்கு, அதனால எஸ்ஓஎஃப் டிரைவரை எடுக்கிறேன்னு ஒரு வரி இருக்கும். அக்கா லேப்டாப்லயும் இருந்துச்சு. நான் படிக்கல.

மூணாவது கேள்வி: டிரைவர் சரி, ஏன் நின்னுச்சு?

தொகுப்பாளர்: கெர்னல் சரியாத்தான் எடுத்திருக்கு. அப்புறம் ஏன் சத்தம் வரல?

விருந்தினர்: அந்த வரிக்குக் கொஞ்சம் கீழேயே பதில் இருந்துச்சு. ஃபர்ம்வேர் ஃபைலை ஏத்த முடியல, பிழை மைனஸ் 2. லினக்ஸ்ல மைனஸ் 2னா ரொம்ப எளிமையான அர்த்தம்: அப்படி ஒரு ஃபைலே இல்ல.

டிஎஸ்பி ஒரு தனி ப்ராசசர்னு சொன்னேன்ல. அதுக்குள்ள ஓட வேண்டிய ப்ரோக்ராம்தான் ஃபர்ம்வேர். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது டிரைவர் அந்த ஃபைலை எடுத்து டிஎஸ்பிக்குள்ள போடணும். ஃபைல் இல்லன்னா டிரைவர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கும். கார்டே உருவாகாது. மேல சர்வருக்கு ஒன்னும் கிடைக்காது. டம்மி அவுட்புட். கடைசியில பார்த்தா, இல்லாம போனது ஒரே ஒரு பேக்கேஜ்.

தொகுப்பாளர்: அந்தப் பேக்கேஜ் பேரு?

விருந்தினர்: டிஸ்ட்ரோவைப் பொறுத்து மாறும். டெபியன்ல ஃபர்ம்வேர் எஸ்ஓஎஃப் சைன்ட், நடுவுல மைனஸ் குறி. ஃபெடோராவுல ஆல்சா எஸ்ஓஎஃப் ஃபர்ம்வேர். ஆர்ச்ல வெறும் எஸ்ஓஎஃப் ஃபர்ம்வேர். உபுண்டுவுல பழைய வெளியீடுகள்ல லினக்ஸ் ஃபர்ம்வேர்ங்கிற பெரிய பேக்கேஜுக்குள்ளேயே இருக்கும், புதுசுல டெபியன் மாதிரி தனியா.

டெபியன்காரங்களுக்கு ஒரு குறிப்பு. இந்த மாதிரி ஃபர்ம்வேர் எல்லாம் மெயின் பகுதியில இருக்காது. 2023-ல வந்த டெபியன் 12-ல இருந்து நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்னு தனிப் பகுதி. அதிகாரபூர்வ இன்ஸ்டாலரே இப்போ அதைச் சேர்த்துக் கொடுக்குது. பழைய இன்ஸ்டாலரோ, பழைய சோர்ஸ் லிஸ்ட்டோ வச்சிருந்தா அந்தப் பகுதி இருக்கான்னு பார்த்துக்கோங்க.

இன்னொரு காரணமும் உண்டு. லேப்டாப் ரொம்பப் புதுசு, கெர்னல் பழசு. அப்போ எல்-எஸ்-பி-சி-ஐ காட்டுற இடத்துல 'டிரைவர் இன் யூஸ்' வரியே இருக்காது. புது வெளியீட்டோட லைவ் பென்டிரைவ் ஒன்னு செஞ்சு, இன்ஸ்டால் பண்ணாம பூட் பண்ணிப் பாருங்க. அதுல சத்தம் வந்தா, உங்களுக்கு வேண்டியது புதுக் கெர்னல்.

அக்கா லேப்டாப் சரியான கதை

தொகுப்பாளர்: அக்கா கேஸை எப்படி முடிச்சீங்க?

விருந்தினர்: செவ்வாய்க்கிழமை காலையில போனேன். முதல் வேலை, நான் வச்ச ஃபைலை நானே அழிச்சேன். அதை விட்டுட்டு ஃபர்ம்வேரை மட்டும் போட்டிருந்தா ஒன்னும் மாறியிருக்காது. கெர்னல் என் கட்டளைப்படி எச்டிஏவைத்தான் பிடிச்சிருக்கும். நிறைய பேர் சறுக்குற இடம் இது. முதல் நாள் ஒரு தீர்வு, ரெண்டாம் நாள் இன்னொன்னு, மூணாம் நாள் எது எதோட மோதுதுன்னே தெரியாது.

அப்புறம் ஃபர்ம்வேர் பேக்கேஜ், ரீஸ்டார்ட். ஸ்பீக்கர் வந்துச்சு. இந்தத் தடவை அதோட கிளம்பல. ஏ-ஆர்-இ-சி-ஓ-ஆர்-டி, இடைவெளி, மைனஸ், எல். ஏ-பி-எல்-ஏ-ஒய் ஒலி வெளியே போற வழியைக் காட்டும், இது உள்ளே வர்ற வழியைக் காட்டும். டிஎம்ஐசின்னு டிஜிட்டல் மைக் இருந்துச்சு. அக்காவையே பேசச் சொல்லி, ரெக்கார்ட் பண்ணி, போட்டுக் காட்டினேன். "இது என் குரலாடா?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு சாயங்காலம் கிளாஸ் முடியுற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

தொகுப்பாளர்: அந்த 1 போடுற வரி எப்பவுமே தப்பா அண்ணா?

விருந்தினர்: இல்ல, அப்படிச் சொல்லக் கூடாது. சில லேப்டாப்ல டிஜிட்டல் மைக்கே இருக்காது. சிலர் எப்பவும் யூஎஸ்பி ஹெட்செட்தான் பயன்படுத்துவாங்க. எஸ்ஓஎஃப்ல வேற ஏதோ பிழை, புதுக் கெர்னல் வர்ற வரைக்கும் ஓட்டணும்னாலும் போடலாம். ஆனா எதை இழக்கிறோம்னு தெரிஞ்சு போடணும். அந்தக் கம்ப்யூட்டர் யாரோடதோ அவங்ககிட்டயும் சொல்லணும். எதுக்காக வச்சோம்னு ஃபைலுக்குள்ளேயே ஹேஷ் குறி போட்டு ஒரு வரி எழுதி வச்சா, ஆறு மாசம் கழிச்சு நமக்கே உதவும்.

சில பயங்களும் சில அவசரங்களும்

தொகுப்பாளர்: ஏஎம்டி கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவங்களுக்கு?

விருந்தினர்: அவங்க எல்-எஸ்-பி-சி-ஐ அடிச்சுப் பார்த்துட்டுப் பயந்துடுவாங்க. 'என்னோடது ஏஎம்டி, ஏன் டிரைவர் பேர்ல இன்டெல்னு இருக்கு?' பயப்பட வேணாம். எச்டிஏ தரம் இன்டெல் கொண்டு வந்தது, அதனால அந்தப் பேரு. ஏஎம்டி, என்விடியா சிப்புகளையும் அதே டிரைவர்தான் ஓட்டும். பேரைப் பார்த்து மாத்தப் போகாதீங்க. அங்கேயும் டிஜிட்டல் மைக்குக்குத் தனி டிரைவர் உண்டு, ஏசிபின்னு பேர்ல வரும்.

தொகுப்பாளர்: பல்ஸ்ஆடியோவை அழிச்சுட்டுத் திரும்பப் போடுங்கன்னு நிறைய இடத்துல சொல்றாங்களே?

விருந்தினர்: ஏ-பி-எல்-ஏ-ஒய்ல கார்டே இல்லன்னா, மேல இருக்கிறதை எத்தனை தடவை அழிச்சுப் போட்டாலும் பயன் இல்ல. அதோட, அழிக்கும்போது கூடவே என்னென்ன போகும்னு ஒரு பட்டியல் காட்டும். அதுல டெஸ்க்டாப்னு ஏதாவது பேர் இருந்தா 'எஸ்' கொடுக்காதீங்க. சர்வர் மேலதான் சந்தேகம்னா அதை ரீஸ்டார்ட் பண்ணினாப் போதும். லாக் அவுட் பண்ணி உள்ளே வந்தாலே பெரும்பாலும் அது நடந்துடும்.

தொகுப்பாளர்: நாளைக்குக் காலையில இன்டர்வியூ, இதெல்லாம் படிக்க நேரமில்லன்னா?

விருந்தினர்: யாரிடமாவது ஒரு யூஎஸ்பி ஹெட்செட் கடன் வாங்குங்க. யூஎஸ்பி ஆடியோவுக்குப் பொதுவான ஒரு தரம் இருக்கு, அதுக்கான டிரைவர் கெர்னல்லயே இருக்கு. உள்ளே இருக்கிற டிஎஸ்பி, ஃபர்ம்வேர் எதையும் அது கேக்காது. குத்தினதும் பெரும்பாலும் வேலை செய்யும். முக்கியமான நாளுக்கு முந்தின ராத்திரி டிரைவர்ல கை வைக்காதீங்க. அக்காவுக்கு அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கணும், எனக்குத் தோணல.

தொகுப்பாளர்: கடைசியா, சுருக்கமா ஒரு தடவை சொல்லிடுங்க அண்ணா.

விருந்தினர்: சொல்றேன், குறிச்சுக்கோங்க.

1. கார்டு தெரியுதான்னு ஏ-பி-எல்-ஏ-ஒய் மைனஸ் எல்ல பாருங்க.
2. தெரிஞ்சா அவுட்புட், மியூட், ப்ரொஃபைல், இந்த மூணையும் பாருங்க. டிரைவரைத் தொடாதீங்க.
3. தெரியலன்னா எந்த டிரைவர் பிடிச்சிருக்குன்னு எல்-எஸ்-பி-சி-ஐ மைனஸ் என்-என்-கேல பாருங்க.
4. கெர்னல் என்ன எழுதி வச்சிருக்குன்னு டி-எம்-இ-எஸ்-ஜில படிங்க. ஃபர்ம்வேர், மைனஸ் 2 வந்தா பேக்கேஜைப் போடுங்க.
5. ஒரு நேரத்துல ஒரு மாற்றம்தான். வேலை செய்யலன்னா அதைத் திரும்ப எடுத்துட்டு அடுத்ததுக்குப் போங்க.
6. பாட்டு வந்தா பாதி வேலைதான் முடிஞ்சது. பேசி, ரெக்கார்ட் பண்ணி, கேட்ட பிறகு கிளம்புங்க.

தொகுப்பாளர்: ஆறாவது, அக்கா சொல்லிக் கொடுத்தது.

விருந்தினர்: ஆமாம்மா, கணக்கு டீச்சர்ல. விடை வந்தா மட்டும் மார்க் கிடையாது, திரும்பச் சரிபார்க்கணும்னு பசங்களுக்குச் சொல்வாங்க. எனக்கும் அதுதான்.

தொகுப்பாளர்: நண்பர்களே, உங்க கம்ப்யூட்டர்ல இந்த ஆறையும் செஞ்சு பார்த்தும் சத்தம் வரலன்னா, மூணாவது, நாலாவது கமாண்டுகளோட வெளியீட்டை அப்படியே எங்களுக்கு அனுப்புங்க. 'சத்தம் வரல'ன்னு மட்டும் எழுதினா எங்களாலயும் ஊகிக்கத்தான் முடியும்.